புளிய இலையும் சோளத்தட்டையும்

என் மேசை இழுப்பறையில் ஒரு இருமல் டானிக் பாட்டில் இருக்கிறது. உள்ளே மருந்து இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த சோளத்தட்டைத் துண்டு. எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடிநீர்க் கிணற்றைப் பார்த்துக்கொண்ட மோட்டார் ஆபரேட்டர் அதைக் கொடுத்து இருபது வருஷமாகிறது. தனக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே அடைத்துக் கொடுக்கிறார் என்பது அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்போது நான் திண்டுக்கல்லிலிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின், தண்ணீரில் ஊறிய இலைதழைகளின் சாறோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் என்ற நச்சு உண்டாகும். அந்தக் கிணற்றில் அது அளவுக்கு மீறி இருந்தது. விஷயம் பரவியதும், ஆபரேட்டர் பவுடரைக் கண்மண் தெரியாமல் கொட்டுகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆளை மாற்றிவிடலாம் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். வருஷக்கணக்காக ஒரே தகர டப்பாவில் தலைதட்டி அளந்து போடுகிற மனிதருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நான் என்னத்தக் கூடப் போட்டுட்டேன்? எல்லாம் இந்தப் புளியமரம் பண்ற வேலை. வெட்டுங்க வெட்டுங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்றேன்!" என்று கிணற்றோர மரத்தைக் காட்டினார்.

எனக்கும் மரத்தின் மேல்தான் சந்தேகம். ஆனால் அதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. கார்பனில் எடை கூடியது, குறைந்தது என்று வகைகள் உண்டு. புளி, வேம்பு போன்ற மரங்களைவிடச் சோளமும் கரும்பும் கனத்த கார்பனைச் சற்று அதிகமாகச் சேர்த்துவைக்கும். மட்கி, கரைந்து, குளோரோஃபார்மாகவே மாறினாலும் அந்தச் சாடை போகாது, பிள்ளை முகத்தில் தாய் தெரிகிற மாதிரி. "கெணத்துல என்னென்ன விழுகுதோ எல்லாத்துலயும் கொஞ்சம் குடுங்கண்ணே" என்றேன். புளிய இலையைப் பை நிறையத் திணித்தார். சருகு விழாமலிருக்கக் கிணற்றின் மேல் தானே சோளத்தட்டையால் ஒரு மூடாக்குப் போட்டிருந்தார். அதிலும் ஒன்றை ஒடித்து டானிக் பாட்டிலில் போட்டார். "இதுவும் உதுந்து விழுகத்தான் செய்யுது. மாடு திங்கிற தட்டைதான, இது என்னத்தப் பண்ணப் போகுது?"

இலையையும் தட்டையில் பாதியையும் தனித்தனியே ஊறவைத்து, குளோரின் சேர்த்து, கிணற்றுத் தண்ணீரோடு, கார்பனை எடை பிரித்துப் பார்க்கும் மிஷின் உள்ள வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்த அன்று எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கிணற்றுத் தண்ணீரின் கார்பன் அளவு புளிய இலைக்குக் கிட்டவே வரவில்லை. சோளத்தட்டையோடு ஒட்டி நின்றது. சற்று நேரம் கழித்துத்தான் ஆபரேட்டரின் முகம் நினைவுக்கு வந்தது. என் சந்தோஷம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

முதலில் அவரிடம்தான் போய்ச் சொன்னேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "அம்புட்டுத் துல்லியமாச் சொல்லிருமா அந்த மிஷினு?"

"சொல்லிரும்ணே."

தலைவர் வந்து நின்றதும் நான் வார்த்தைகளை மென்று முழுங்கினேன். ஆபரேட்டர் முந்திக்கொண்டார். "மரத்த வெட்ட வேணாம் தலைவரே. நான் போட்ட தட்டைதான். மக்கி உள்ள விழுந்துருக்கு."

தலைவர் மூடாக்கிலிருந்து ஒரு தட்டையை உருவிப் பார்த்தார். பிறகு, "இவன மாத்திட்டா, அடுத்து வர்றவன் இப்பிடி ஒத்துக்குவானா? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக நான் பார்த்தபோது, ஆபரேட்டர் கிணற்றின் மேல் கட்டிய நைலான் வலையிலிருந்து புளிய இலைகளை வாரிக்கொண்டே மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஒன்னக் காப்பாத்துனது நாந்தான், ஞாவகம் வச்சுக்க!"

என் கணக்கு தப்பு என்று நானே சொல்ல வேண்டிய நாட்கள் எனக்கும் வருகின்றன. அப்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுப்பேன். சில நாள் அதைப் பார்த்தபடியே உண்மையைச் சொல்லியிருக்கிறேன். சில நாள் ஒன்றும் சொல்லாமல் திரும்ப உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.