ஏழாம் நம்பர் மலையில் ஓடியவர்கள்

போன வருஷம் நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லைக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். லொறியில் நாற்காலிகள் ஏறிக்கொண்டிருந்தன. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “மிஸ், யாரத் தேடுறீங்க?” என்று கேட்டார். பதினான்கு கிலோமீற்றர் மலையேறி இறங்கி, முழங்காலில் சேறும் கணுக்காலில் அட்டையுமாக நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? பதினைந்து நிமிடம்தான் பிந்தியிருந்தேன். நுவரெலியா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜக்கெட்டின் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். நாற்பத்திரண்டு வயது, கணக்குப் படிப்பிக்கிற டீச்சர், ஒரு பதக்கத்துக்காக அழுதேன்.

அது வருஷா வருஷம் இறம்பொடைப் பக்கம் நடக்கிற மலை ஓட்டம். காலை எட்டு மணிக்குக் கடைத்தெருவில் தொடங்கி, மலை முகடு ஏறி, தேயிலைக்குள் இறங்கி, கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணுக்குக் கீழே தெரிகிற பழைய தேயிலை ஸ்டோர் மைதானத்தில் முடியும். பதினொரு மணிக்குள் வந்து சேர்கிறவர் எல்லாருக்கும் பதக்கம் உண்டு, பெயரும் பட்டியலில் ஏறும். முதலாவதாக வர வேண்டும் என்ற பேராசை எனக்கு இல்லை. கயிறு அவிழ்வதற்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். போன ஓட்டத்துக்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். விடிந்தால் நுவரெலியா ஏரியைச் சுற்றி ஓடுவேன். லீவு கிடைத்தால் குளிர் மலை உச்சியிலுள்ள பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கி, மூச்சு முட்ட மேட்டில் ஓடிவிட்டு, அடுத்த ரயிலில் பல் கிட்டித்துக்கொண்டு திரும்புவேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பைத்தியத்தில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

என் அக்காவுக்கும் தெரியாது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஓட்டப் பாதை இறங்குகிற அதே தோட்டத்தில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறாள். நான் படிப்பதற்காக அவள் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, சொல்லாமலே காட்டுவாள். நான் காலையில் ஓடுகிறேன் என்று கேள்விப்பட்டதும், “ஏன்டி, பஸ்ஸ விட்டுட்டியா?” என்றுதான் கேட்டாள்.

இந்த வருஷம் தொடக்கம் அமோகமாக இருந்தது. பனி கால்மட்டத்தில் நின்றது. கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள், மான் மாதிரித் துள்ளுகிற இரண்டு ஆமிக்காரர்கள், நடுவில் நான். முகட்டில் ஏறியதும் மேகம் சட்டென்று விலகி, நீர்த்தேக்கம் மொத்தமாக வெளியே வந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். பக்கத்தில் ஓடிய வெள்ளைக்காரரும் காரணம் கேட்காமல் சேர்ந்து கத்தினார். அந்த நிமிடம் எனக்குப் பதினாறு வயது.

அங்கேயேதான் சனியனும் பிடித்தது. வலது சப்பாத்தின் அடி வாயைப் பிளந்தது. நாலு எட்டு வைத்தால் நாக்குத் தள்ளுகிறது. என்னைத் தாண்டி ஒவ்வொருவராகப் போனார்கள். வழி காட்டுவதற்காக மரத்தில் கட்டியிருந்த சிவப்பு நாடா ஒன்றை அவிழ்த்துச் சப்பாத்தைச் சுற்றிக் கட்டினேன். பாவம்தான், ஆனால் எனக்குப் பின்னால் யாரும் இல்லை, ஆகவே யாருக்கும் வழி தவறாது. முதல் நாடா அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவது நின்றபோது அரைமணி நேரம் போயிருந்தது.

ஏழாம் நம்பர் மலைக்கு மேலே உள்ள வளைவுக்கு வந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. இன்னும் மூன்று கிலோமீற்றர். என் ஓட்டத்துக்குக் கணக்கு உதைத்தது. கணக்கு டீச்சரை யாரும் ஏமாற்ற முடியாதே, அவளே ஏமாற்றிக்கொண்டால்தான் உண்டு.

வளைவில் வழி காட்ட நின்ற சிங்களப் பெண், கடைசி ஆளும் போய்விட்டதென்று கல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, விசிலைப் பலமாக ஊதி, “துவன்ன அக்கே! துவன்ன!” என்று கத்தினாள். ஓடு அக்கா, ஓடு. ஒரு மனுஷியாவது நமக்காகக் கத்துகிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே தேயிலைக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்காவின் மஞ்சள் தலைத்துணி தெரிந்தது. தலையிலிருந்த வெயில் தொப்பியைக் கழற்றி, மேலே சுழற்றிச் சுழற்றி வீசிக்கொண்டு, “அக்கா! அக்கா!” என்று அலறியபடி இறங்கினேன்.

எங்கள் மலைகளில் கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் ஓடுவார்கள். குளவி. கூடு கலைந்தால் கருமேகம் போல வரும். கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் இல்லாத குடியிருப்பு லயம் கிடையாது. ஓட்டக்காரர்கள் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள், ஓட்டம் முடிந்தது என்று அந்தப் பெண்கள் நினைத்திருந்தார்கள். இப்போது மேலே விசில் சத்தம், “ஓடு ஓடு” என்று ஒரு கூப்பாடு, தலைக்கு மேலே எதையோ விரட்டிக்கொண்டு அலறி வருகிற ஒரு பொம்பளை. வேறென்ன நினைப்பார்கள்?

“ஐயோ, குளவி!”

யார் கத்தியதென்று தெரியாது. கொழுந்துச் சாக்குகள் விழ விழ எல்லாரும் தேயிலைக்குள் புகுந்து, வடிகான்களைத் தாண்டி, கீழே ஓட்டப் பாதை போகிற ரோட்டில் குதித்து ஓடினார்கள். கங்காணி குடையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடினார்.

இப்போது என் புத்திசாலித்தனத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போயிற்று. எனக்குப் பின்னால் குளவி வருகிறது, அவர்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை! குளவி வந்தால் ஓடாதே, குப்புறப் படு என்று வகுப்பில் வருஷம் தவறாமல் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஓடினேன். அப்படி ஓர் ஓட்டம் என் கால்களுக்குள் இருந்ததென்று எனக்கே தெரியாது. நாடா அறுந்ததும் தெரியவில்லை. ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் முதுகுகள் தெரிந்தன, நான் அவற்றை விடாமல் துரத்தினேன். என்னைப் பார்த்து அவர்கள் ஓடினார்கள், அவர்களைப் பார்த்து நான் ஓடினேன்.

சின்னப் பாலத்தடியில் எல்லாரும் விழுந்தடித்து நின்றோம்.

“யாருக்குக் கொட்டுச்சு?” என்றாள் ஒருத்தி.

யாருக்கும் கொட்டவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் மட்டும்தான் கொழுந்துச் சாக்கை முதுகிலிருந்து விடவில்லை. “நீதானடி தொப்பிய வீசிக்கிட்டு ஓடியாந்த?”

“ஒன்னத்தான் கூப்பிட்டேன் அக்கா. டாட்டா காட்டினேன்.”

அப்போதுதான் கங்காணி குடையோடு வந்து சேர்ந்தார். “எங்க? எங்க குளவி?”

“இந்தா நிக்குது பாருங்க, டீச்சரம்மா!” என்றாள் அக்கா.

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. ஒருத்தி பாலக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். கங்காணி திட்டத் தொடங்கி, பாதியில் அவரும் சிரித்தார். நானும் ரோட்டில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். ஓட்டம், பதக்கம் எல்லாம் மறந்தே போயிற்று.

“எத்தன மணிக்கு மூடுவாங்க?” என்று அக்கா திடீரென்று கேட்டாள்.

“பதினொண்ணுக்கு.” கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது. மூன்று கிலோமீற்றரில் இரண்டைப் பயத்திலேயே முடித்திருந்தேன்!

“அப்புறம் ஏன்டி பல்லக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க? எந்திரி!”

கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவள் விடவில்லை, கூடவே ஓடினாள். கொஞ்ச தூரத்தில் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். ரப்பர் செருப்பு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, முதுகில் கொழுந்துச் சாக்கு. பின்னால் பாலத்தடியிலிருந்து எல்லாருமாகக் கத்தினார்கள்: “ஓடு டீச்சர், குளவி வருது!” கடைசி மேட்டில் அக்கா ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை, வாய் நிறையச் சிரிப்பு. அவளை அப்படிச் சின்னப் பிள்ளையில் பார்த்தேனோ என்னவோ, ஞாபகமில்லை. எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

கயிறு இருந்தது! பத்து ஐம்பத்தெட்டு. நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பதக்கம் போடுகிற பெண் பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசிப் பதக்கத்தை எடுத்து, முதலில் வந்து சேர்ந்தவளின் கழுத்தில் மாட்டினாள். அக்காவின் கழுத்தில்.

எல்லாருக்கும் தர்மசங்கடம். பட்டியலில் என் பெயரை எழுதினார்கள், பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் மகாத்மா இல்லை. “அக்கா, அது என்னோடது” என்றேன்.

அக்கா பதக்கத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். “யாருடி முந்தி வந்தது?”

நியாயம்தானே. என் வாழ்நாளில் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட முதல் பொருள் அது. எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது, சிரிப்புதான் ஜெயித்தது.

பகல் கொழுந்து நிறுவைக்கு அவளோடு நானும் போனேன். மற்றவர்கள் திரும்பிப் போய்ச் சாக்குகளை எடுத்து வந்திருந்தார்கள். தராசில் கொழுந்தைத் தொங்கவிட்ட கணக்கப்பிள்ளை, அக்காவின் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“ஓட்டத்துல குடுத்தாங்க.”

“குளவிக்கு ஓடினதுக்கா?” வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

“குளவிக்கு ஓடினது பாலம் வரைக்குந்தாங்க,” என்றாள். “அதுக்கு அங்கிட்டு நானாத்தான் ஓடினேன்.”