நான் சந்தேகப்பட்ட வருத்தம்

பெண்ணுறுப்பில் தொடங்கிய அரிப்பை நான்கு வருடங்கள் மறைத்தேன். தோல் வெளுத்து வெடித்து, சைக்கிளில் இருக்க முடியாமல் போனபோதும் வாய் திறக்கவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போய்வந்த கணவர்தான் இந்த நோயை எங்கோ வாங்கிவந்து தந்துவிட்டார் என்று நம்பினேன். காரணம் சொல்லாமலே அவரை விலக்கி வைத்தேன்.

புண் தாங்க முடியாமல் கடைசியில் கிளிநொச்சிக்கு மருந்தெடுக்கப் போனேன்.

“அவரிட்டையிருந்தோ வந்தது?” என்று பெண் டொக்டரிடம் கேட்டேன்.

“இல்லையக்கா, இது தொத்துற வருத்தமேயில்லை. தோல் வருத்தம். முழுசா மாறாது, ஆனா மருந்தை ஒழுங்காப் பூசினா அடங்கியிருக்கும். கிளினிக்கை விடாதேங்கோ.”

அன்று பின்னேரமே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாலு வருசமா என்னைப்பற்றி அப்பிடியோ நினைச்சனீர்?”

“ஓம். நான் நினைச்சது பிழை.”

அவர் டொக்டர் தந்த மருந்துத் துண்டை எடுத்து வாசித்தார். பிறகு, “அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறன்,” என்றார்.

விஷயம் அறிந்த மச்சாள், “உதுகளை வெளியில கதையாதேங்கோ, வெட்கக்கேடு,” என்றாள்.

“கதையாமல் இருந்துதான் நாலு வருசத்தை நாசமாக்கினனான். இனிக் கதைப்பன்.”

போன கிழமை எங்கள் ஊரான அக்கராயனில் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, எந்த இடத்தில் என்ன வருத்தம் என்று வெளிப்படையாகவே சொன்னேன். பலர் தலை குனிந்தார்கள். முடிந்ததும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, கிளினிக் எந்த நாள் என்று கேட்டார்கள்.

இந்த வருத்தம் சாகும்வரை என்னோடு இருக்கலாம். அதற்காக நான் இனி ஒளிந்திருக்கப் போவதில்லை.