நிற்காத பெடல்

வல்லம் வடகாலில் எங்கள் நிலத்தில் கட்டிய வாடகை அறைகளில், கடைசி அறையில் ஒருவர் குடியிருந்தார். பக்கத்துக் கார் கம்பெனியில் நைட் ஷிப்டுக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம், நகத்தில் கிரீஸ். என் வாசலில் கிரீஸ் சிந்த யாரையும் விட்டவள் இல்லை நான். அவரை ஏனோ விட்டேன்.

காலையில் வந்ததும் படுக்கமாட்டார். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெடலை நிறுத்தினாலும் வண்டியை ஓடவிடும் ஃப்ரீவீலை எடுத்துவிட்டு, சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும் பல்சக்கரத்தை மாட்டப் பார்த்தார். ஒன்றுக்கு மரை சேரவில்லை. இன்னொன்றுக்குப் பல் தடிமன், செயின் உட்காரவில்லை.

“இன்னாப்பா, நல்லா ஓடுற வண்டிய நோண்டிக்கினு கீற?”

“பெடல நிறுத்துனா தூங்கிடுறேன் ஓனரம்மா. நேத்து லாரி அடியில பூந்திருப்பேன். இத மாட்டிட்டா வண்டி ஓடுற வரைக்கும் பெடலும் சுத்தும். கால ஒதச்சி எழுப்பிடும்.”

“லீவு போட்டுத் தூங்கேன்பா.”

“நான் படுத்தா கம்பெனில லைன் நிக்காதே ஓனரம்மா” என்று சிரித்தார்.

ஒருவழியாகச் செயினுக்குப் பொருந்திய பல்சக்கரம் கிடைத்து மாட்டிவிட்டார். பிறகொரு காலை கேட்டைத் திறந்தேன். வண்டி நேராக உள்ளே வந்தது. கால்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கண்கள் மூடியிருந்தன.

“தம்பீ!” என்று கத்தினேன். விழித்துக்கொண்டு, சுவரோரம் போய் நின்றார்.

மெயின் ரோட்டிலிருந்தே அப்படித் தூங்கிக்கொண்டுதான் வந்தாரோ என்று, கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன்.