சாமி தங்கும் வருஷம்

வக்காசா கடலோரத்தில் மொத்தமே இருபது வீடுள்ள அந்த ஊரில், கோயில் சாமி வருஷத்துக்கு ஒரு வீட்டில் தங்குவார். அறுவடைத் திருவிழாவுக்கு வருவார், அடுத்த திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவார். சாமி இருக்கும் கூரையின்கீழ் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. தீட்டு.

கினு வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருஷமே அவள் வீட்டு முறை. அவளுக்கோ நிறைமாதம். மாமியார் தத்சு அவளைக் கடற்கரைக் குடிசைக்கு அனுப்பிவிட்டாள். கொட்டுகிற பனியில் அங்கேதான் யோஷிஹிகோவைப் பெற்றாள். பக்கத்து வீட்டு ஷிமா மட்டும் யாருக்கும் தெரியாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். பெற்ற தகப்பன் பிள்ளை முகம் பார்க்க ஒரு மாதம் ஆனது. நல்ல சாமி!

இருபது வருஷம் கழித்து மறுபடி வந்தார். இப்போது படுக்கையில் கிடந்தது தத்சு.

"பத்தே நாளுதான் அத்தை. சாமி போனதும் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று சொல்லி, கினுவே அவளை டவுன் ஆஸ்பத்திரியில் விட்டுவந்தாள். கிழவி ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தாள். சாம்பலைக்கூட சாமி கிளம்பிய பிறகுதான் வீட்டுக்குள் எடுத்தார்கள். பழிவாங்கவில்லை என்று கினு எல்லாரிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

மூன்றாம் முறை வந்தபோது கினுவுக்கு அறுபத்தொன்று. வயிற்றில் கட்டி. டாக்டர் கையை விரித்துவிட்டார். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்க, மருமகள் ரெய்கோ பை கட்டினாள்.

"பத்தே நாளுதான் அத்தை."

கினுவுக்குச் சுருக்கென்றது. மகனைக் கூப்பிட்டாள்.

"நாப்பத்தோரு வருஷம் இந்த வீட்டுல அடுப்பு ஊதினவ நான். அவரு ஒரு வருஷ விருந்தாளி. அவரை அனுப்புடா. நான் இங்கதான் சாவேன்."

"ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஊருக்கா வயித்துவலி?"

அவன் டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான், வேறென்ன.

கினு சாகவில்லை. வீம்புக்கே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். திருவிழா முடிந்த மறுநாள் யோஷிஹிகோ சிரித்த முகமாக வந்தான்.

"சாமி போயிட்டாரும்மா. கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"ஷிமா வீட்டுக்குத்தானே போயிருக்காரு? அவளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எழுந்திரிக்கவே முடியலையாம்."

கினு மெல்லக் கட்டிலைவிட்டு இறங்கினாள்.

"நர்ஸ்கிட்ட விரிப்பை மட்டும் மாத்தச் சொல்லு. கட்டில் ஷிமாவுக்கு ஆகும்."