சாப்பிடலைன்னா பெரியம்மா வந்துடுவா

எங்கள் தெருவில் குழந்தை சாப்பிட மறுத்தால் பூச்சாண்டியை யாரும் கூப்பிடுவதில்லை. ஊசி நர்ஸைத்தான் கூப்பிடுவார்கள். பூச்சாண்டி வராது, இவர் நிஜமாகவே வந்துவிடலாம் என்பதில் ஒரு வசதி.

தடுப்பூசி அறையில் அவருக்குக் கை பஞ்சு, வாய் நெருப்பு. நெருப்பு பெரியவர்களுக்கு மட்டும். குழந்தையைப் படுக்க வைத்துக் கைகால்களை அமுக்கும் அப்பாக்களிடம், "என்ன, திருடனையா புடிச்சிருக்கீங்க? மடியில நிமிர்த்தி உக்கார வைங்க" என்று சீறுவார். கைக்குழந்தை என்றால் முதலில் பால் கொடுக்கச் சொல்வார். அது குடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டுவிடுவார். எந்த அம்மாவாவது "வலிக்காதுடா செல்லம்" என்று ஆரம்பித்தால் போச்சு. "ஊசி உங்களுக்கா போடறேன்? வலிக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க?" பிள்ளைகளின் பயத்தைப் போக்குவதற்காகப் பெற்றோர் அத்தனை பேரையும் நடுங்க வைத்திருந்தார்.

போன வாரம் அவருடைய தங்கை தன் ஐந்து வயது மகளோடு வந்தாள். நர்ஸுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்தான் உயிர். ஆனால் கொஞ்ச காலமாக, பெரியம்மா வீட்டுக்கு வந்தால் அந்த உயிர் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. கூச்சம் என்று தங்கை சொல்லிவந்தாள். அன்று அறைக்குள் நுழைந்ததுமே குழந்தை அலறியது: "நான் சாப்டுட்டேன் பெரியம்மா! முழுசா சாப்டுட்டேன்! ஊசி வேணாம்!"

நர்ஸ் தங்கையைப் பார்த்தார்.

"என்னடி சொல்லி வச்சிருக்கே?"

"சும்மா ஒரு பேச்சுக்குக்கா... சாப்பிடலைன்னா பெரியம்மா வந்து குத்திடுவான்னு. எல்லா வீட்லயும் சொல்றதுதானே?"

"ஊர்ல எவ வேணா சொல்லட்டும். நீ என் கூடப் பொறந்தவடி!"

"சரி, கத்தாதே. நான் அமுக்கிப் புடிச்சுக்கறேன், நீ சட்டுனு போட்டுடு."

"நான் போட்டா இவ ஜென்மத்துக்கும் என் பக்கம் வர மாட்டா."

ஊசி போடும் வேலையைச் சக நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, கதவோரம் ஒடுங்கியிருந்த குழந்தைக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். குரல் அடியோடு மாறிவிட்டது.

"சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்ல கண்ணு. இது நோய் வராம இருக்க. நான் போடல, அதோ அந்த ஆன்ட்டி போடுவாங்க."

"வலிக்குமா?"

"வலிக்கும். சுருக்குன்னு. நீ ஃபூன்னு பலமா ஊது, அதுக்குள்ள முடிஞ்சிடும். யார் மடியில உக்காரப் போறே?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. இவரைப் பார்த்தது. நிரம்ப யோசித்து, தவழாத குறையாக வந்து பெரியம்மாவின் மடியில் ஏறியது. ஊதிய ஊதலில் அவர் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது. ஊசி போட்டாயிற்று. கொஞ்சம் அழுதது. அழுது முடித்தபின்னும் இறங்கவில்லை.

"நல்லாயிருக்குக்கா. என் பொண்ணையே எனக்கு எதிரா திருப்பிட்டே" என்றாள் தங்கை.

எழுந்து நின்று, கூரை அதிரக் கத்த வேண்டிய பேச்சு அது. ஆனால் மடியில் குழந்தை அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வேறு வழியின்றி, தாலாட்டுப் பாடும் குரலில், அதன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு தடவை என் பேரைச் சொல்லிச் சோறு ஊட்டினே, உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்டி."