கஞ்சிக் கொல்லை

இன்று காலை கிடங்கு வாசலைக் கூட்டும்போது ஓரத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினேன். தண்டு அறுந்து கையோடு வந்தது, வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பாரிவாக்கத்தில் இந்தக் கிடங்கு நிற்கிற இடம் அப்போது கஞ்சிக் கொல்லை. அமாவாசைதோறும் இல்லாதவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு பெரியவர் எழுதிவைத்த நிலம். எந்தப் போகத்திலும் ஒரு பாத்தி பயிராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் அவர் வாரிசுக்கே திரும்பிவிடும் என்பது கட்டளை. பயிர் வைத்தது என் அப்பா.

ஏரி வற்றிய வருஷம், நானும் அம்மாவும் குடம் குடமாகத் தூக்கி ஊற்றியதில் கேழ்வரகு ஒரே ஒரு பாத்தி பிழைத்தது. பெரியவரின் பேரன், நிலம் அளக்கிற ஆளோடு வந்தார்.

"நேத்து எங்கியோ புடுங்கினு வந்து நட்டுக்கீறே, முனுசாமி. எனக்குத் தெரியாதா?"

அப்பா பாத்தியை விட்டு ஒதுங்கி நின்றார். பேரன் குனிந்து ஒரு பயிரைப் பிடித்து இழுத்தார். புதிதாக நட்டதென்றால் வேரோடு வந்துவிடும். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

தண்டு அறுந்தது. வேர் வரவில்லை.

"இன்னா சாமி, இன்னொண்ணு இஸ்து பாக்குறியா?" என்றாள் அம்மா.

அளக்க வந்தவன் சிரித்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டினான். அவர்கள் போனதும் அப்பா அறுந்த தூரைச் சுற்றி மண்ணை அழுத்திவிட்டு, குடத்தோடு கிணற்றுக்குப் போனார்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் கொல்லை தரிசாகக் கிடந்தது. பேரன் மறுபடி வந்தார். இழுத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.