பருப்புப்பொடிக்கு எந்த வாசல்?

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்த ரோஹிணி, மாடிப்படியிலேயே நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெங்களூரிலிருந்து மகள் ஹம்சினி அப்போதுதான் போனில் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தாள்.

"அம்மா, துர்கா பூஜோ வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள உன் பொடியை நம்ம சொந்தக்காரா இல்லாதவா வாங்கணும். இல்லேன்னா மிக்சியை மூட்டை கட்டிண்டு நீயும் அப்பாவும் இங்க வந்துடணும்."

ரோஹிணியின் வியாபாரம் மொத்தமும் ஒரு சமையலறை மேடைக்குள் அடக்கம். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் அத்தை பெண், ஓரகத்தி, ஓரகத்தியின் சம்பந்தி. ஆனால் அந்த மேடையை விட்டால் கல்கத்தாவில் இருப்பதற்கு அவளிடம் வேறு காரணம் இல்லை என்று மகள் நினைத்தாள். புதுப்பெண்ணாக வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் கடைகளைத் தாண்டிய ரோஹிணி, இன்று கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சந்துகளில் நடப்பாள். இதை எந்த மகளிடம் காரணமாகச் சொல்ல முடியும்?

தீர்ப்புச் சொன்ன ஹம்சினியே வழியும் சொன்னாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவை இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப், எக்ஸ், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டாள். ஐந்து வாசல் திறந்தாயிற்று, எது வழியாகவாவது லக்ஷ்மி வராமலா போவாள்!

லிங்க்ட்இன்னைக் கணவர் லக்ஷ்மிநாராயணன் எடுத்துக்கொண்டார். பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 'மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்' என்று தொடங்கி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை போட்டார். பழைய சகாக்கள் வரிசையாக வந்து வாழ்த்தினார்கள்.

"பார்த்தியாடி! ஜோனல் மேனேஜரே கங்கிராஜுலேஷன்ஸ் போட்டிருக்கார்."

"ஏன்னா, பொடி கேட்டாரா?"

"அவரைப் போய்ப் பொடி கேட்கச் சொல்லுவியா? ஜோனல் மேனேஜர்டி!"

இன்ஸ்டாகிராமில்தான் அந்த விபரீதம் நடந்தது. ரோஹிணி பருப்பு வறுக்கும் வீடியோ ஒன்று தீப்பிடித்த மாதிரி பரவியது. டொரன்டோவிலிருந்து இதயங்கள் பறந்து வந்தன. பாதிப் பேர் அவள் வளையலை எங்கே வாங்கினாள் என்று கேட்டார்கள். மீதிப் பேர் தங்கள் அம்மா நினைவு வந்து அழுதார்கள். பொடி வேண்டும் என்று கேட்ட ஒரே ஆத்மா கோயம்புத்தூரில் இருந்தது. கோயம்புத்தூருக்குக் கல்கத்தாவிலிருந்து பருப்புப்பொடி!

மறுநாள் காலை மிக்சியின் மோட்டார் புகைந்தது. மத்தியானம் லக்ஷ்மிநாராயணன் மெட்ரோ படியில் காலைப் பிசகிக்கொண்டு வந்தார். ரோஹிணிக்குப் புரிந்துவிட்டது. வேறென்ன, கண்தான்! உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்து, முதலில் கணவரை, பிறகு மிக்சியை, கடைசியில் கைப்பேசியை மூன்று முறை சுற்றி, அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. நெடியே வரவில்லை.

"பார்த்தேளா? துளி நெடி இல்லை. அத்தனை கண்!" என்றவள், அந்த வீடியோவை அழித்தே விட்டாள்.

ஹம்சினி போனிலேயே கத்தினாள். "ஊரே தவம் கிடக்கறதும்மா அந்த மாதிரி வீடியோவுக்கு! நீ மிளகாய் சுத்திப் போட்டியா? போதும். பூஜோ முடிஞ்சதும் டிக்கெட் போடறேன்."

அன்று சாயங்காலம் மூன்றாவது மாடி தீப்தி, வழக்கமான ஓசிப் பொடிக்காகக் காலிக் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். பொடியைப் பொரியில் பிசைந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவது அவளுடைய தினசரி வழக்கம். அவளுக்கு ரோஹிணி பௌதி, அதாவது அண்ணி; லக்ஷ்மிநாராயணன் தாதா, அதாவது அண்ணா. ரோஹிணியின் முகத்தைப் பார்த்துவிட்டு பெங்காலியில் கேட்டாள்.

"என்ன பௌதி, அழுதீங்களா? தாதா திட்டினாரா?"

ரோஹிணி எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் விம்மலோடு, "நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பேளே, தீப்தி தீதி?" என்றாள்.

"எந்த வீடியோ?"

"இன்ஸ்டாகிராம்ல…"

"அதை என் பையன்தான் பார்ப்பான். அவனுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது, பொடி எதுக்கு?"

ரோஹிணியின் விம்மல் பாதியில் நின்றது. டொரன்டோ பார்த்துவிட்டது, மூன்றாவது மாடி பார்க்கவில்லை!

"நீங்க எதைத்தான் பார்ப்பேள்?"

தீப்தி தன் கைப்பேசியை நீட்டினாள். பேஸ்புக்கில் ஒரு குழு. ஜாதவ்பூர், பவானிபூர், லேக் மார்க்கெட் என்று தென் கல்கத்தாப் பெண்மணிகள் அத்தனை பேரும் தங்கள் மத்தியானச் சாப்பாட்டை அங்கே படம் பிடித்துப் போட்டு, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் நரைத்த தலை, கையில் கரண்டி.

ரோஹிணி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "நாளைக்கு இங்க லைவ் போடறேன். பெங்காலியிலேயே."

"கண் பட்டுடாதா?" என்று தீப்தி சிரித்தாள்.

"படும். அதுக்குத்தான் பயமா இருக்கு."

"எங்க ஊர்ல மட்டும் கண் இல்லையா என்ன? இப்படி வாங்க." குழந்தைக்கு வைப்பதுபோல் ரோஹிணியின் காதுக்குப் பின்னால் மையைத் தொட்டு வைத்தாள் தீப்தி.

மறுநாள் பதினொரு மணிக்கு, சுடுசோறு, நெய், பொடி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. ரோஹிணியின் பெங்காலி இலக்கணச் சுத்தமாக இருந்தாலும் உச்சரிப்பு மயிலாப்பூரில்தான் இருந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து லக்ஷ்மிநாராயணன் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நிமிர்ந்து பாரு! நெய்யைக் காமி! நெய்யை!" என்று தமிழில் கத்தினார். 'அந்த தாதா யார்? முன்னால் வரச் சொல்லுங்கள்' என்று கேள்விகள் குவிந்தன. அவர் காலை நொண்டிக்கொண்டு வந்து கும்பிட்டார்.

பொரியில் கலக்கலாமா என்று கேட்டாள் ஜாதவ்பூர்ப் பெண் ஒருத்தி. "கலக்கலாம்!" என்று ரோஹிணி வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட்டாள் தீப்தி. சாயங்காலத்துக்குள் டப்பாக்கள் காலி. இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் மூன்றையும் ரோஹிணி மூடினாள். லிங்க்ட்இன்னை மட்டும் கணவர் விடவில்லை. "அது எனக்கு இருக்கட்டும்டி."

ராத்திரி ஹம்சினி கூப்பிட்டாள். லைவ் முழுவதையும் பெங்களூரிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"நன்னா இருந்ததும்மா." மூக்கை உறிஞ்சினாள். "அப்போ நீ வரமாட்டே."

இத்தனை நாளும் மகள் அதட்டியதெல்லாம் அதிகாரம் என்றல்லவா ரோஹிணி நினைத்திருந்தாள், அம்மா பக்கத்தில் வேண்டும் என்ற ஆசையா அது!

"வராம என்னடி? கையில இருக்கற ஆர்டர் முடிஞ்சதும் வரேன்."

"அது எப்பம்மா முடியும்?"

"முடியவே கூடாதுன்னு வேண்டிக்கோடி, கண்ணம்மா," என்றாள் ரோஹிணி. மறுமுனையில் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.